கோணத்துத் தோட்டில் கிடைத்த இருபத்தொரு கமுகலகுகள்

கொல்லம் 1131-ஆம் ஆண்டு மகர (தை) மாதம் 18-ஆம் தேதி பகல் மூன்று மணிக்கு, பூவன்கோணம் தற்காலிகப் போலீஸ் முகாமில், ஏட்டு சத்தியதாஸ் கேட்டு எழுதிய வாக்குமூலம்.

பெயர்: சரோஜம். வயது: முப்பத்தெட்டு. தகப்பனார் பெயர்: செல்லசாமி. கணவர் பெயர்: தங்கப்பன், கூரை வேயும் தொழில். என் தொழில்: பாலராமபுரம் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது. விலாசம்: கரைமேல்விளை வீடு, பூவன்கோணம், நெய்யாற்றின்கரை தாலுகா.

கேட்டதற்குச் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் கணவரோடு அங்கேயே வசித்து வருகிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், ஏசவும் வரும், ஆனால் எழுதியதை வாசித்துச் சரிபார்க்கத் தமிழ் மட்டுமே தெரியும். ஆகையால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் சற்று யோசித்து, அப்படியே எழுதிக்கொள்ளும்படி ஏட்டிடம் சொன்னார். இந்த முகாமில் தமிழில் எழுதப்படும் முதல் தாள் இதுதான் என்று ஏட்டு சொன்னார். எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது என்பதையும் எழுதச் சொன்னேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்றார். தேவை என்றேன். எழுதியிருக்கிறார்.

எங்கள் நிலத்துக்குத் தெற்கே கோணத்துத் தோடு என்ற ஓடை ஓடுகிறது. எங்கள் இடத்தில் அது கையை மடக்கியதுபோல் திரும்புகிறது. முழங்கையின் வெளிப்பக்கத்தில் இருப்பது என் தகப்பனாருக்குச் சொந்தமான பன்னிரண்டு சென்ட் நிலம். உள்பக்கத்தில், அக்கரையில், அப்புக்குட்டன் என்பவரின் வீடும் அதன் முன்னால் ஒரு மணல் திட்டும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மேலே நெல்வயல் வைத்திருக்கும் ஏலாக்காரர்கள், மழைவெள்ளம் சீக்கிரம் வடியட்டும் என்று அங்கிருந்த இரண்டு வளைவுகளை வெட்டித் தோட்டை நேராக்கினார்கள். வயல் வடிந்தது உண்மை. ஆனால் அதுவரை வளைந்து நெளிந்து நிதானமாக வந்த வெள்ளம், அதன்பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப்போல் வந்து நேரே எங்கள் கரையில் முட்டத் தொடங்கியது.

அந்த வருஷம் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை ஓய்ந்த பிறகு நான் துணி அலசப் போனபோது, கரையின் பக்கவாட்டில் ஒரு கமுகலகு ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. கமுகலகு என்பது பழைய கமுகு மரத்தை நெடுக்கே கீறி எடுத்த வரிச்சு, கூரைக்குப் போடுவது. துறைப்படியின் மண் சரியாமல் இருக்க என் கணவர் அதைக் கரைக்குள் முழுவதுமாக அடித்து இறக்கியிருந்தார். இத்தனை நாள் துணி தொங்கப்போட ஒரு முளை இல்லையே என்றிருந்தேன், தோடே ஒன்று கொடுத்திருக்கிறதே என்று மகிழ்ந்து, ஈரத் துணியை அதில் தொங்கப்போட்டேன். இரண்டு முண்டு அலசி முடித்த பிறகுதான், அலகு வெளியே வரவில்லை, கரைதான் பின்னால் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. எனக்குப் புத்தி வரும், கொஞ்சம் தாமதித்து வரும்.

அதன்பிறகு 1130-ஆம் ஆண்டு மேட மாதம், அதாவது சித்திரையில், மழைக்கு முன்பாக, ஒரு முழ நீளத்தில் ஒன்பது அலகுகளை வெட்டி, கரையில் மூன்று இடங்களில், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று என்று, தலை மட்டும் தெரியும்படி படுக்கை வசமாக உள்ளே அடித்தேன். தேடிக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நூல் சுற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இடவப்பாதிக்குப் பிறகும், அதன்பிறகு ஐப்பசியில் பெய்யும் துலா மழைக்குப் பிறகும் விரலால் அளந்தேன். கடைசியாக அளந்தபோது மேல் அலகுகள் இரண்டு விரலும், நடு அலகுகள் ஒன்பது விரலும், அடி அலகுகள் ஒரு சாணும் நான்கு விரலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே நின்று பார்க்கிறவருக்கு அது பச்சைப் புல்லோடு லட்சணமான கரை. கீழே இறங்கிப் பார்த்தால் அடி குடைந்து, கரைமேல் நிற்கும் அயனி மரத்தின் வேர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

என் தகப்பனாருக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் வலியால் ஐந்து வருஷமாக அவர் துறைக்கு இறங்குவதில்லை, மேலே நின்றுதான் பார்ப்பார். கழிந்த சிங்க மாதம், ஆவணியில், என் தங்கை சுகுமாரிக்கும் அக்கரை அப்புக்குட்டனின் மகன் சுயம்புக்கும் சம்பந்தம் பேசி முடித்தபோது, அந்தப் பன்னிரண்டு சென்ட் நிலத்தை ஸ்ரீதனமாகத் தருவதாகவும், அவர்கள் அதில் வீடு வைத்துக்கொள்ளலாம் என்றும் அப்பா வாக்குக் கொடுத்தார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுகுமாரிக்கு அதற்கு முன் வந்த மூன்று சம்பந்தங்கள் ஏதேதோ காரணத்தால் கலைந்துபோயின. நாலாவதும் என் வாயால் கலைய வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

மொழி பார்த்து ராஜ்யங்களைப் பிரிக்கப்போகிறார்கள் என்பதால், இந்த நாட்களில் எங்கள் பக்கம் எந்த ராஜ்யத்தில் சேரும் என்பதே எங்கும் பேச்சு. டீக்கடையில் தினமும் ஒருவர் மேசைமேல் சிந்திய தேயிலைத் தண்ணீரைத் தொட்டு ஓர் எல்லைக்கோடு இழுப்பார். கோணத்துத் தோடுதான் எல்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் சுகுமாரி பிறந்த வீட்டில் கறிவேப்பிலை பறிக்க வருவதற்கு பாஸ் எடுக்க வேண்டும் என்று என் கணவர் அவளைக் கேலி செய்வார். எனக்கும் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்றுதான் விருப்பம். அது குற்றமானால் அதையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் மரம் வெட்டிச் சாலையை மறித்ததில்லை, மறித்தவர்கள் யார் என்றும் தெரியாது. அந்த மறியலுக்குப் பிறகுதான் பத்து நாட்களுக்கு முன்பு இந்த முகாம் இங்கே வந்தது.

நாளை, மகரம் 19-ஆம் தேதி, காலை பத்தரைக்கு எங்கள் முற்றத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பலகைப் பாலம் வழியாகத் தோட்டைக் கடந்து வருவார்கள். பாலத்தில் நின்றால் எங்கள் கரை முழுவதும் தெரியும். சிவப்பு நூல் கட்டிய ஒன்பது அலகுகள் பல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து யாராவது என்ன ஏது என்று கேட்டால் காரியம் கெட்டது. ஆகவே இன்று காலை ஏழரை மணிக்கு, அவற்றைப் பிடுங்கி எடுத்துவிடலாம் என்று ஒரு கூடையோடு புறப்பட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கணவர் எங்கே என்று கேட்டதற்கு, பந்தலுக்குக் குருத்தோலை பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

தோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மணல் திட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் சுயம்புவைப் பிடித்துவைத்திருந்தார்கள். அவனுடைய முண்டு முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் முளை அடிக்கும் மரக் கொட்டுவடி. காலடியில் ஒரு கட்டுக் கமுகலகு. அக்கரையில் மணலில் ஆறு அலகுகளை ஒரே வரிசையில் நட்டுவைத்திருந்ததாகவும், எங்கள் கரையிலிருந்தும் இவன் அலகுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்ததாகவும், இது எல்லைக்குறி வைக்கும் வேலை என்றும் அவர்கள் சொன்னார்கள். யார் சொல்லிச் செய்தாய், எந்தக் கட்சி என்று கேட்டதற்கு அவன் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போவதுபோல் கையை ஓங்கியும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மட்டும், வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான். எதற்கு வேண்டாம் என்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதன்பிறகு அவனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. என் தகப்பனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்புக்குட்டனும் வந்தார். என் தங்கை இரண்டு கையிலும் மைலாஞ்சி என்கிற மருதாணியை அப்பியிருந்ததால் கதவைத் திறக்கவும் முடியாமல் உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்தாளாம். முகாமில் மேசைமேல் அலகுகளை எண்ணி இருபத்தொன்று என்று எழுதினார்கள். நான் அடித்தது ஒன்பது. மற்றப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. சுயம்புவைப் பகல் வண்டியில் நெய்யாற்றின்கரைக்கு அனுப்புவார்கள் என்றும், நாளைதான் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள் என்றும் ஏட்டு சொன்னார்.

நான் வாசலில் நின்று யோசித்தேன். பேசாமலிருந்தால் நாளை பந்தலில் மாப்பிள்ளை இல்லை. பேசினால், ஸ்ரீதன நிலத்தைத் தோடு தின்றுகொண்டிருக்கிறது என்பதை அவனுடைய தகப்பனார் காதுபடச் சொல்லியாக வேண்டும். சுயம்பு வெளியே வந்துவிடுவான், மாப்பிள்ளையாக வருவானா என்பது தெரியாது. இருந்தாலும் குற்றம் செய்யாத ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எந்தப் பந்தலில் போய் நிற்பது என்று நினைத்து உள்ளே போனேன்.

"ஏட்டையா, அதுல செவப்பு நூலு கட்டின ஒம்பதும் எனக்க அலகாக்கும்" என்றேன்.

"எம்மா, நீ எந்த ராஜ்யத்துக்கு எல்லை போட்டே?" என்று ஏட்டு கேட்டார்.

"எல்லை போடுதவன் குச்சிய நட்டுல்லா வைப்பான். எனக்கது கரைக்குள்ள படுத்துல்லா கெடந்துது. படுத்துக் கெடக்க எல்லைய ஏமான்மாரு எங்கயாவது கண்டதுண்டா?" என்றேன்.

ஏட்டு அதை மலையாளத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து, "அது சரியாணல்லோ" என்றார். அதன்பிறகு நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஏலாக்காரர்கள் வளைவை வெட்டியது, துணி தொங்கப்போட்டது, மேலே இரண்டு விரல், நடுவில் ஒன்பது விரல், அடியில் ஒரு சாணும் நான்கு விரலும் என்று அளந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வாசலில் இரண்டு தகப்பன்மாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவருடைய கைத்தடி தரையைத் தட்டிக்கொண்டேயிருக்கும், அது நின்றுபோனது மட்டும் கேட்டது.

அதன்பிறகு இன்ஸ்பெக்டர், படுத்துக் கிடந்தவை சரி, மணலில் நட்டுவைத்த ஆறும் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நட்டுவைத்தால் எல்லை என்று நீதானே இப்போது சொன்னாய் என்றார். நான் சொன்னதுதான். என் வாயாலேயே மாப்பிள்ளையை நன்றாகக் கட்டிப்போட்டுவிட்டேன். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் குனிந்தபோதுதான் மேசைமேல் கிடந்த மற்றப் பன்னிரண்டு அலகுகளையும் கிட்டத்தில் பார்த்தேன். அவற்றின் தலையில் நீல நூல் சுற்றியிருந்தது.

அந்த நீலம் கடையில் வாங்கும் நீலம் அல்ல. கழிந்த ஓணத்துக்கு ஒரு தறிக்காரர் கொடுத்த நூலில் ஒரு கழிக்கு, அதாவது ஒரு கட்டுக்கு, சாயம் கூடிப்போய், அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டதால், அது எங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்தது. அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று நான். நான் எடுக்கவில்லை.

"எலே மக்கா, இந்த நூலு ஒனக்கு எப்படிக் கிட்டிச்சு?" என்று கேட்டேன்.

காலையிலிருந்து எந்த மிரட்டலுக்கும் அசையாத சுயம்புவின் காது இரண்டும் சிவந்துபோயின. "மைனி, அது இங்க வச்சு வேண்டாம்" என்றான். இன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். இங்கே வைத்துத்தான் வேண்டும் என்று ஏட்டு அதட்டினார். அப்படியானால் தோட்டுக்கு வாருங்கள், காட்டித்தான் சொல்ல முடியும் என்றான்.

ஆகவே பகல் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர், ஏட்டு, இரண்டு போலீஸ்காரர்கள், சுயம்பு, நான், தகப்பன்மார் இருவர் என்று எட்டுப் பேர் புறப்பட்டோம். தோட்டுக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கல்யாணத்துக்கு அழைத்தவர்களில் பாதிப் பேர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அங்கே சுயம்பு சொன்னதாவது: சிங்க மாதம் சம்பந்தம் பேசிய பிறகு, வீடு வைக்கப்போகும் நிலத்தைக் கீழே நின்றும் பார்ப்போம் என்று அவன் தனியாகத் தோட்டில் இறங்கியிருக்கிறான். கரையில் சிவப்பு நூல் கட்டிய ஒன்பது அலகுகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, முதலில் யாரோ துணி காயப்போட அடித்தது என்று நினைத்தானாம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு மேலே குறைவாகவும் கீழே கூடுதலாகவும் நீட்டியிருப்பதைப் பார்த்து விஷயம் பிடிபட்டிருக்கிறது. துலா மழைக்கு முன்பாகப் பன்னிரண்டு அலகு வெட்டி, ஆறு அலகை என் கண்ணில் படாதபடி அயனி மரத்து வேர்களுக்குள் படுக்கை வசமாக அடித்திருக்கிறான். மற்ற ஆறிலும் விரல்விரலாக வெட்டுக்குறி போட்டு, எதிரே தன் வீட்டு மணல் திட்டில் கோரைப் புல் மறைவில் நட்டுவைத்திருக்கிறான். இங்கே கரைகிற மண் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா என்றான். அந்த யோசனை எனக்கு வரவில்லை. நான் போனதை மட்டும் அளந்தேன், அவன் வந்ததையும் அளந்திருக்கிறான்.

துலா மழையில் எங்கள் கரையின் அடி ஏழு விரல் போயிருக்கிறது. அவர்கள் மணல் ஏழு விரல் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவாக வந்தது தற்செயல் என்றும், எப்போதும் அப்படி வராது என்றும் அவனே சொன்னான்.

இதை நம்புவதற்கு இன்ஸ்பெக்டர் ஒரு சாட்சி கேட்டார். சுயம்பு துறையில் தேங்காய் உரித்துப்போட்டிருந்த தொண்டுகளில் மூன்றை எடுத்து ஒரு போலீஸ்காரரிடம் கொடுத்து, மேலே ஏலாக்காரர்கள் வெட்டிய இடத்தில் நின்று தண்ணீரில் போடச் சொன்னான். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே வந்து, அயனி மரத்தடியில் எங்கள் கரையில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு குறுக்கே நழுவி அக்கரை மணலில் போய் ஒதுங்கின. கூட்டம் ஆரவாரம் செய்தது. இன்ஸ்பெக்டர் திருப்திப்படாமல் தானே ஒரு தேங்காய்த் தொண்டு எடுத்துக்கொண்டு மேலே போய், போட்டுவிட்டு, அதோடுகூடக் கரையில் நடந்தே வந்தார். அதுவும் மற்ற மூன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தடவையும் போட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இதை எழுத வேண்டாம் என்று ஏட்டு சொல்கிறார். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் காலையில் வாய் திறக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு சுயம்பு சொன்னான்:

"தந்த நிலம் இப்படியாக்கும்னு எனக்க வாயால சொன்னா மாமாக்க மனசு கெட்டுப்போவும். கல்யாணத்துக்கு வாறவிய கண்ணுல படாம அலக எல்லாம் எடுத்துரலாம்னு காலத்த வந்தேன். நான் வந்து கேட்டது பெண்ணயாக்கும் ஏமானே, கரைய இல்ல."

அவன் எதற்காக வந்தானோ அதற்காகவே நானும் அதே நேரத்தில் கூடையோடு வந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைக்கப் பார்த்து, இரண்டு பேரும் ஊரைக் கூட்டிவிட்டோம்.

அதன்பிறகு அவன் தன் யோசனையைச் சொன்னான். கரையின் அடியில் மூங்கில் குற்றி அடித்து, ஓலை பின்னி வைத்து, அதன் பின்னால் கைதை, அதாவது தாழை, நட வேண்டும். கைதை முள்ளும் வேருமாக மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து இருபது அடிக்கு எதையும் கட்டக் கூடாது. வீட்டை நிலத்தின் பின்பக்கம், இடவழி ஓரத்துப் பலா மரத்தடியில் வைத்தால் போதும். ஏலாக்காரர்களிடம் வெட்டின வளைவில் ஒன்றையாவது திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அவன் கையை நீட்டி நீட்டிச் சொல்லும்போது, என் தங்கைக்குக் கிடைத்த மாப்பிள்ளையை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது.

ஆனால் என் தகப்பனார் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மெல்ல அப்புக்குட்டன் முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தி, நான் அறியாம சொல்லிட்டேன். மேட்டு விளையில பன்னிரண்டு சென்ட் மாத்தித் தாறேன். கல்யாணத்த மட்டும் மொடக்காதீங்க" என்றார். அப்பா ஒருவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புக்குட்டன் லேசில் சிரிக்காத மனிதர். அவர் தண்ணீரில் இறங்கி, அக்கரைக்குப் போய், அலகு நட்ட இடத்தில் குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினார். அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார்.

"என்னத்துக்கு சம்பந்தி மாத்தணும்?" என்றார். "பெண்ணுக்க வீட்டு ஸ்ரீதனத்த வண்டி பிடிச்சு கொண்டு வாறதத்தான் நான் கண்டிருக்கேன். எனக்கு தோடே சொமந்துகொண்டு வந்து முற்றத்துல எறக்கிட்டு இருக்கு. கல்யாணம் நாளைக்குத்தானே, ஏழு விரலு இப்பமே வந்தாச்சு!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. இரண்டு கரையும் சிரித்தது. என் தகப்பனார் கொஞ்ச நேரம் விளங்காமல் நின்று, பிறகு கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டி, இருமல் வரும்வரை சிரித்தார். அப்புக்குட்டன் கையிலிருந்த மணலைக் கீழே போட்டுவிட்டு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் அழுதேன், ஆனால் அது காலையில் அழுத அழுகை அல்ல. எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் ஏட்டு அதை இன்ஸ்பெக்டருக்கு மலையாளத்தில் சொன்னார். அவர் தனியாக, தாமதமாக, உரக்கச் சிரித்தார். அதைப் பார்த்துக் கூட்டம் மறுபடியும் சிரித்தது.

இந்தத் தோட்டை எல்லையாகப் போட்டால் மழைக்கு மழை எல்லையும் அல்லவா நடந்துபோகும் என்று இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதை எழுதக் கூடாது என்று ஏட்டு சொல்கிறார். வாக்குமூலம் என்னுடையது என்று சொன்னேன்.

அதன்பிறகு எல்லோரும் முகாமுக்குத் திரும்பினோம். சுயம்புமீது வழக்கு இல்லை என்றும், காலையில் பதிவு செய்துவிட்டதால் அதை முடித்துவைக்க என்னுடைய வாக்குமூலம் வேண்டும் என்றும் சொன்னார்கள். ஏட்டு தாள் எடுக்கப் போன நேரத்தில், முகாமின் அடுக்களைக்குப் பின்னால் கை கழுவப் போனேன். முகாமும் இதே தோட்டின் கரையில்தான், அடுத்த வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அடுப்புக்கும் கரைக்கும் நடுவே நிலத்தில் நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு கண்டேன். அங்கே அரிசிச் சாக்கு அடுக்கியிருந்தது. அடுத்த மழையில் போலீஸ்காரர்களின் சோறு அப்புக்குட்டன் வீட்டுக்கும் கீழே போய் இறங்கும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் உடனே வந்து பார்த்தார், சாக்குகளை மாற்றச் சொன்னார், பிறகு என்னிடம் மூன்று அலகு கிடைக்குமா என்று கேட்டார். படுக்க வைத்துத்தான் அடிக்க வேண்டும், நட்டுவைத்தால் உங்களையே பிடித்துக்கொண்டு போவார்கள் என்றேன்.

நீல நூல் விஷயத்தில் என் தங்கை சுகுமாரியை நான் இன்னும் விசாரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவள் அந்த நூலை எப்போது, எங்கே வைத்து, யார் கையில் கொடுத்தாள் என்பதை இன்று சாயங்காலம் மறுபடி இடும் மைலாஞ்சி காய்வதற்குள் விசாரிக்கப்போகிறேன். அந்த வாக்குமூலத்தை ஏட்டு எழுத வேண்டியதில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும், கேட்டதும், என் விரலால் அளந்ததும் ஆகும். ஏட்டு வாசித்துக் காட்ட நானும் கூடவே வாசித்தேன். வாய்க்கு வந்தபடி எதையும் கூட்டவில்லை, பயந்து எதையும் குறைக்கவில்லை. இது சத்தியம் என்று ஒப்பிடுகிறேன்.

சாட்சிகள்: செல்லசாமி (ஒப்பு), அப்புக்குட்டன் (ஒப்பு).

முகாமிலிருந்து இன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டவை: கமுகலகு பதினெட்டு. மரக் கொட்டுவடி ஒன்று. மாப்பிள்ளை ஒன்று, முண்டு மட்டும் நனைந்தது, வேறு சேதம் இல்லை.

(ஒப்பு) சரோஜம்